பிசினுக்கு ஏது புண்ணியம்?

1953 மே 27. திருச்சி டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் ஒரு களிமண் பிள்ளையாரைப் போட்டு உடைத்தார். மனம் புண்பட்ட ஒருவர் வழக்குப் போட்டார். கடையில் வாங்கிய மண்பொம்மை சட்டம் சொல்லும் புனிதப் பொருள் ஆகாது என்று மாஜிஸ்திரேட்டிலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை அதைத் தள்ளிவிட்டார்கள். 1958-இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஒரு வகுப்பார் எதைப் புனிதமென்று கருதுகிறார்களோ, அது எவ்வளவு அற்பமான பொருளானாலும், பூசை செய்து நிறுவப்படாததானாலும், சட்டம் அதைக் காக்கும் என்றது. காலம் கடந்துவிட்டதால் விசாரணையை மறுபடி தொடங்க மட்டும் மறுத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உடைத்தவரும் சரி, சட்டத்தை விரித்துப் படித்த நீதிபதிகளும் சரி, புனிதம் மண்ணுக்குள் இருக்கிறது என்று சொல்லவே இல்லை. கருதுகிறவர்களின் மனத்தில்தான் அது இருக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் உடன்பாடு.

கல்லில் என்ன இருக்கிறது, மண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பழகிய ஊர் நம்முடையது. அப்படிப் பழகியவர்களே, ஓர் அட்டையில் ‘ஈக்கோ ஃப்ரெண்ட்லி ரெசின்’ என்று அச்சடித்திருந்தால் கேள்வியை மறந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

சென்னையில் முகப்பேர் கிழக்கு, மேற்கு, நொளம்பூர் என்று எந்த அடுக்குமாடிக்குள் நுழைந்தாலும் இப்போது ரெசின், அதாவது அச்சில் ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின், இருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை, கூடத்தில் கடல் அலை வார்த்த சுவர்க்கடிகாரம், மேசையில் கோஸ்டர், பூசை அறையில் ஆரத்தித் தட்டு, படுக்கையறையில் கல்யாண மாலையை உலர்த்தி அடைத்த சட்டகம். வரலட்சுமி நோன்பு, கொலு, புதுமனை புகுவிழா என்று வந்தால் ரிட்டர்ன் கிஃப்ட்டாக ஐம்பது, நூறு என்று போகிறது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து அலுவலகங்களுக்குத் தீபாவளிப் பரிசாகவும் போகிறது. செய்கிறவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருக்கும் பெண்கள். கையால் செய்தது, அழகாக இருக்கிறது, நாலு காசும் வருகிறது. இந்த மூன்றிலும் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. சண்டை அந்த அட்டையோடுதான்.

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் விற்பது எபோக்ஸி. பிஸ்ஃபீனால் ஏ, எபிகுளோரோஹைட்ரின் என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்துச் செய்வது. அதோடு அதை இறுகவைக்கும் ஹார்ட்னரைச் சொன்ன அளவில் கலந்து மோல்டில் ஊற்றினால் இறுகிவிடும். இதே வகைச் சரக்கைத்தான் ‘அரால்டைட்’ என்ற பெயரில் 1946-இல் சுவிட்சர்லாந்தில் பசையாக அறிமுகப்படுத்தினார்கள். அப்போது அதன் பெருமையே நீரும் நாளும் அதை ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான். மக்காது என்பதற்காகக் கொண்டாடப்பட்ட பொருள், எண்பது ஆண்டில் மண்ணுக்கு நண்பனாகிவிட்டது. வேதியியல் மாறவில்லை, விளம்பரம் மாறியிருக்கிறது.

‘இது தாவரத்திலிருந்து எடுத்தது’ என்பார்கள். முழுப் பொய் இல்லை. முன்பெல்லாம் எபிகுளோரோஹைட்ரினைப் பெட்ரோலியத்திலிருந்துதான் எடுத்தார்கள். இப்போது தாவர எண்ணெயிலிருந்து பயோடீசல் காய்ச்சும்போது மிஞ்சும் கிளிசரினிலிருந்தும் எடுக்கிறார்கள். சரி, கணக்குப் போடுவோம். எளிய எபோக்ஸி மூலக்கூறு ஒன்றில் 21 கார்பன் அணுக்கள். அதில் 15 பிஸ்ஃபீனாலிலிருந்து வருபவை, அதாவது வழக்கம்போல் பெட்ரோலியம். மீதி 6 தான் கிளிசரின் வழி வரக்கூடியவை. நூற்றுக்கு 29 கூடத் தேறாது. ஹார்ட்னரை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆறு அணுவுக்கான எண்ணெய் மிச்சமாவது நல்லதுதான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மண்ணுக்கு அதனால் என்ன?

அந்த ஆறு அணுக்களும் செடியில் பிறந்தவை என்று ஆய்வகத்தில் கார்பன்-14 அளந்து சொல்லிவிடலாம். குப்பைமேட்டில் இருக்கும் பாக்டீரியாவிடம் அந்தக் கருவி கிடையாது. அதற்கு முன்னால் இருப்பது ஒரே மூலக்கூறு, ஒரே இறுக்கம், ஒரே பிடிவாதம். பெட்ரோலியத்தில் பிறந்ததும் செடியில் பிறந்ததும் ஒன்றுபோலவே மக்காமல் கிடக்கும். பிறப்பை வைத்து மனிதரை உயர்வு தாழ்வு சொல்லாதே, நடத்தையைப் பார் என்று ஒரு நூற்றாண்டாக மேடைபோட்டுப் பேசியிருக்கிறோம். மூலக்கூறு விஷயத்தில் மட்டும் அதன் கோத்திரத்தைக் கேட்டு மரியாதை கொடுக்கிறோம்.

இரண்டாவது வகை, தண்ணீரில் கலக்கும் ‘ஈக்கோ ரெசின்’. 1984-இல் இங்கிலாந்தில் உருவான ஜெஸ்மோனைட்டும் அதன் சாயலில் வந்த சரக்குகளும் இந்த வகை. கரைப்பான் நெடி இல்லை, கை கழுவினால் போய்விடும், எபோக்ஸியைவிடச் செய்பவருக்குத் தொல்லை குறைவு. இவை உண்மையான நன்மைகள். ஆனால் இதில் பரவலாக விற்கும் வகையின் பொடி என்ன? ஜிப்சத்தைச் சுட்டு எடுத்த கால்சியம் சல்பேட். திரவம் என்ன? அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தண்ணீரில் விரவிய பால். தமிழில் சொன்னால், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் நெருங்கிய உறவுக்காரரும் சுவர் பெயின்டின் உறவுக்காரரும் சேர்ந்து செய்த கல்யாணம்.

இங்கேதான் நம் நேர்மைக்குச் சோதனை. விநாயகர் சதுர்த்திக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஆண்டுதோறும் அதைப் படித்துவிட்டு, பக்தர்களுக்கு அறிவே இல்லையா என்று கேட்கிறவர்கள் நம்மில் உண்டு. அதே வகைப் பொடியில் வார்த்த மெழுகுவர்த்தித் தட்டைத் தன் மேசையில் வைத்துக்கொண்டு இயற்கையைக் காப்பதாகச் சொல்கிறவர்களும் நம்மில் உண்டு. பல வீடுகளில் இருவரும் ஒருவரே.

‘தட்டை யாரும் ஏரியில் கரைப்பதில்லையே’ என்று நீங்கள் சொல்லலாம். மிகச் சரி. நான் சொல்ல வந்ததும் அதுதான். ஏரியில் போட்டால் கேடு, மேசையில் இருந்தால் கேடில்லை என்றால், நன்மையும் தீமையும் பொடியில் இல்லை, பயன்பாட்டில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் முப்பந்தல் பக்கம் சுழலும் காற்றாலைகளை நினைத்துப் பாருங்கள். அவற்றின் இறக்கைகள் கண்ணாடி இழையோடு எபோக்ஸி போன்ற பிசின்களைச் சேர்த்துச் செய்பவை. இருபது ஆண்டு நின்று மின்சாரம் தருகின்றன. ஓய்ந்தபிறகு என்ன செய்வது என்ற தலைவலியும் உண்டு, இருந்தாலும் அந்தப் பிசின் தன் இருப்புக்கு ஒரு நியாயம் சொல்ல முடியும். மூன்று மாதம் மேசையில் இருந்துவிட்டு, அடுத்த நோன்புக்கு வந்த தட்டுக்கு இடம்விட்டுப் பரணுக்குப் போகும் தட்டு என்ன நியாயம் சொல்லும்? தாவரப் பிசின் என்பதா?

ஒரு சோதனை சொல்கிறேன், ஆய்வகம் வேண்டாம். உங்கள் தெருவில் இருக்கும் காயலான் கடைக்கு அந்தத் தட்டை எடுத்துப் போங்கள். அவர் பழைய இரும்பை எடுப்பார், செய்தித்தாளை எடுப்பார், நாம் திட்டித் தீர்க்கும் தண்ணீர் பாட்டிலைக்கூடக் கிலோ கணக்கில் எடுப்பார். ரெசின் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருமுறை இறுகிய எபோக்ஸி சூட்டில் உருகி மறுபடி வார்ப்புக்கு வராது, அதனால் அதற்குச் சந்தையில் மறுபிறவி இல்லை. அது போகுமிடம் குப்பை லாரி, பிறகு கொடுங்கையூர் போன்ற ஒரு மேடு. ‘பிளாஸ்டிக் அரக்கன்’ என்று நாம் பெயர் வைத்த பாட்டிலுக்கு விலை இருக்கிறது, ‘பசுமைத் தோழன்’ என்று அட்டை போட்ட தட்டுக்கு விலை இல்லை. காயலான் கடைக்காரருக்கு அட்டை படிக்க நேரமில்லாததால் உண்மை தெரிகிறது.

அடுத்த மந்திரம் ‘இயற்கை’. முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெயிலிருந்து எபோக்ஸிக்கான ஹார்ட்னர் செய்கிறார்கள். அசல் தாவரப் பொருள். அந்த ஓட்டெண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதைப் பண்ருட்டியில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே குடும்பத்துச் சேராங்கொட்டையும் இயற்கைதான். துணிக்குக் குறி போட அதைப் பயன்படுத்தியவர்களுக்குக் கொப்புளமும் இயற்கையாகவே வந்தது. பிசினில் தூவும் மைக்கா பவுடரும் மண்ணில் தோண்டிய இயற்கைக் கனிமம். ஜார்க்கண்டின் கொடர்மா, கிரிடி பகுதிச் சுரங்கங்களில் அதைப் பொறுக்கியவர்களில் குழந்தைகளும் உண்டு என்பது பலமுறை வெளிவந்த செய்தி. இயற்கை என்பது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. யாருடைய கையால் வந்தது என்பதைச் சொல்வதில்லை.

இந்த இடத்தில் இன்னொரு குரல் எழும்: ‘அதனால்தான் சொல்கிறோம், முன்னோர் வழிக்குத் திரும்புங்கள், அரக்கும் குங்கிலியமும் இருக்க ரெசின் எதற்கு?’ அம்பாசமுத்திரத்து மரச்சொப்புக்கு ஏற்றிய அரக்குப் பூச்சின் பளபளப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் அரக்கு ஒரு பூச்சியின் சுரப்பு, கிளையிலிருந்து சுரண்டும்போது பூச்சிகளும் சேர்ந்தே சாகின்றன. குங்கிலியம் மரத்தை வெட்டிக் கசியவிட்டு எடுப்பது. சென்னையின் ஒவ்வொரு வரவேற்பறைக்கும் அரக்குத் தட்டு கேட்டால் எந்தக் காடு தாங்கும்? முன்னோர் நல்லவர்களாக இருந்ததால் குறைவாகக் கெடுத்தார்கள் என்பதற்குச் சான்றில்லை. குறைவாக வாங்கினார்கள், அவ்வளவுதான். முன்னோர் மேல் பழியைப் போட்டாலும் தவறு, புண்ணியத்தைப் போட்டாலும் தவறு.

இனி, செய்கிற பெண்ணிடம் வருவோம். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. அந்த வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர், வீட்டுக்குள் இருந்தபடி சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண்ணைப் பார்த்து ‘பிளாஸ்டிக் வியாபாரி’ என்று இளக்காரம் பேசினால் அது பகுத்தறிவு இல்லை, பழைய ஆணாதிக்கத்துக்குப் புதிய சட்டை. அவர் கைக்கு வரும் பணம் உண்மை. அவருக்குச் சொல்லப்பட்டது மட்டும் பொய்.

‘நெடியே இல்லை, நச்சில்லாதது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே செய்யலாம்’ என்று பாட்டில் விற்கிறவர்கள் சொல்கிறார்கள். மூக்குக்குத் தெரியாததெல்லாம் தோலுக்கும் தெரியாது என்று யார் சொன்னது? இறுகாத எபோக்ஸியும் அதன் ஹார்ட்னரும் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை என்பது தொழிலிட மருத்துவத்தில் பழைய செய்தி. ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் உடல் அதை எளிதில் மறப்பதில்லை. பிறகு துளி பட்டாலே அரிப்பு, கொப்புளம். ஓரத்தைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குப் போகிறது, துடைத்த தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. நைட்ரைல் கையுறை, தூசிக்கேற்ற முகக்கவசம், சன்னல் திறந்த தனி அறை, சமையல் பாத்திரத்தோடு சேராத குவளை. இவ்வளவும் தேவைப்படும் ஒன்றை ‘நச்சில்லாதது’ என்று விற்பவருக்குச் செய்கிற பெண்ணின் உடம்பு வெறும் சில்லறைச் செலவு. ஈக்கோ ஃப்ரெண்ட்லி என்ற சொல் முதலில் ஏமாற்றுவது வாங்குகிறவரை இல்லை, கையுறை போடாமல் விட்ட அந்தப் பெண்ணைத்தான்.

பாட்டில் வரும் வழியையும் கொஞ்சம் பாருங்கள். முகப்பேரும் மணலியும் ஒரே மாநகராட்சி. பெட்ரோலியம் சுத்திகரித்து வேதிப்பொருள் செய்யும் ஆலைகள் மணலியில், அப்படிப்பட்ட சரக்கில் அலை வரைகிற வீடுகள் முகப்பேரில். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கசிந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது வலையும் படகும் கறுத்தது அங்கேயுள்ள மீனவர்களுக்கு. நீலமும் வெள்ளையும் கலந்து ஊற்றி நாம் செய்யும் ‘கடற்கரைத் தட்டு’ அந்தக் கடலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வீட்டுவசதி வாரியம் மனை பிரித்த ‘ஏரித் திட்டம்’ முகப்பேரிலேயே இருக்கிறது. ஏரி போன இடத்தில் குடியிருந்துகொண்டு சுவரில் ரெசின் ஏரி மாட்டுகிறோம். இதற்குக் குடியிருப்பவரைக் குற்றம் சொல்ல முடியாது, வேறு வீடு அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் இயற்கையோடு இணைந்து வாழ்வதாக அவர் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

இந்தத் தட்டு ஏன் இவ்வளவு விற்கிறது என்பதுதான் என் உண்மையான கேள்வி. அழகு ஒரு காரணம். இன்னொன்று, அது பரிகாரம். விமானத்தில் சுற்றுலா போனோம், குளிர்சாதனத்தை இரவெல்லாம் ஓட்டினோம், தேவையில்லாததையெல்லாம் வாங்கினோம், நெஞ்சு உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்கு ஒரு கோயிலில் எள் தீபம் விற்கிறார்கள், ஒரு கடையில் ஈக்கோ ஃப்ரெண்ட்லி தட்டு விற்கிறார்கள். இரண்டிலும் செய்த தவறு அப்படியே இருக்கிறது, உறுத்தல் மட்டும் போகிறது. எள் தீபம் ஒருவிதத்தில் மேல், எரிந்து முடிந்துவிடும்.

இந்த நம்பிக்கை எங்கே போய் முடியும் என்பதற்கும் ரெசினிலேயே சான்று இருக்கிறது. ‘ஆர்கோன் பிரமிடு’ என்று விற்கிறார்கள். ரெசினுக்குள் உலோகச் சுருளும் கல்லும் போட்டு இறுக்கியது, கெட்ட சக்தியையும் செல்போன் கதிர்வீச்சையும் உறிஞ்சிவிடுமாம். ஆர்கோன் என்ற சக்தியைக் கண்டுபிடித்ததாகச் சொன்னவர் வில்ஹெல்ம் ரெய்க். அப்படி ஒரு சக்தி உண்டு என்று எந்தச் சோதனையும் நிறுவவில்லை. அந்தச் சக்தியைச் சேர்க்கும் என்று சொல்லி அவர் செய்த பெட்டிகளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்ப அமெரிக்க நீதிமன்றம் 1954-இல் தடைபோட்டது. தடையை மீறியதற்குத் தண்டனை பெற்று 1957-இல் சிறையிலேயே இறந்தார். அவரது நூல்களையும் அரசு எரித்தது, அது தனி அநியாயம். சோதனையில் தோற்ற அந்தச் சக்தி இன்று முகப்பேர் பூசை அறைக்குப் பிரமிடாக வருகிறது. சான்று கேட்காமல் ‘பசுமை’யை ஏற்ற மனத்துக்கு, சான்று கேட்காமல் ‘சக்தி’யை ஏற்க எவ்வளவு நேரம் ஆகும்?

‘உலகத்துப் பிளாஸ்டிக்கில் இந்தத் தட்டு எத்தனை பங்கு? ஆலைகளை விட்டுவிட்டு அடுக்குமாடிப் பெண்களைப் பிடிக்கிறாயே’ என்று கேட்பீர்கள். பங்கு மிகச் சொற்பம், ஒப்புக்கொள்கிறேன். திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பதால் நாட்டின் பொருளாதாரம் கவிழாது என்று பெரியாருக்கும் தெரிந்திருக்கும், அதற்காக மூடநம்பிக்கையை அவர் கேட்காமல் விடவில்லை. பொய்யின் அளவு சின்னதாக இருப்பதால் அது மெய்யாகாது. மேலும், தட்டு வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர் ஆலையைப் பற்றி ஏன் கேட்கப்போகிறார்?

கேட்பதற்குச் சட்டமும் இடம் தருகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில், பொய்ப் பசுமை விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. ‘பசுமையானது’, ‘ஈக்கோ ஃப்ரெண்ட்லி’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. எந்த விதத்தில் என்று விளக்க வேண்டும், சான்று காட்ட வேண்டும். முதல்முறை செய்யும் தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. புகாரைப் பாட்டில் விற்கும் நிறுவனத்தின் மேல் சொல்லுங்கள், பக்கத்து பிளாட் அக்காவின் மேல் வேண்டாம்.

செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டையை மாற்றுங்கள். ‘இது எபோக்ஸி, மக்காது, பல ஆண்டு உழைக்கும், உடைந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், ஒட்டித் தருகிறேன்’ என்று எழுதுங்கள். வியாபாரம் குறையுமோ என்று பயப்பட வேண்டாம், உண்மை சொல்கிற கடைக்கு இந்த ஊரில் பஞ்சம் இருப்பதால் அதுவே விளம்பரம். கையுறை இல்லாமல் ஒரு துளியும் ஊற்றாதீர்கள்.

வாங்குகிறவர்கள் நான்கு கேள்வி கேளுங்கள். இது எதனால் ஆனது? செய்தவர் கைக்கு என்ன ஆனது? எத்தனை ஆண்டு என் வீட்டில் இருக்கும்? அதன்பிறகு எங்கே போகும்? நான்குக்கும் விடை கிடைத்தபின்னும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். அழகுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ‘அழகாக இருக்கிறது, வாங்கினேன்’ என்பது நேர்மையான பேச்சு. ‘பூமிக்காக வாங்கினேன்’ என்பது கடவுளுக்காகத்தான் லட்டு தின்றேன் என்பது மாதிரி. பூமிக்காக ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால், அடுத்த விசேஷத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட் கொடுக்காதீர்கள். வந்தவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள், போதும்.